பேப்பர் புரிந்தது, கரண்டி கேட்க வாய் வரவில்லை

டிராம்வாசி:
பிரான்சில் லியோனுக்குப் படிக்க வந்த மூன்றாவது மாதம். டிராமில் யாரோ விட்டுப்போன லெ மோந்த் நாளிதழைப் புரட்டினேன். எலெக்ஸியோன், எகோனொமி, பார்லமான்... எல்லாம் இங்கிலீஷ் சாயல். அரசியல் பக்கத்தில் பாதி புரிந்துவிட்டது! அன்று மாலையே ஒரு கரண்டி வாங்கக் கடைக்குப் போய், வாயில் ஊட்டுவதுபோல் நடித்துக் காட்ட வேண்டியதாயிற்று. குய்யேர் என்பதற்கும் ஸ்பூனுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

காரணம் அப்புறம்தான் பிடிபட்டது. 1066இல் நார்மண்டியிலிருந்து போன வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்ததும் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு வந்து உட்கார்ந்துகொண்டது. வீடு, தண்ணீர், ரொட்டி மாதிரியான சொற்கள் பழைய ஆங்கிலமாகவே தங்கிவிட்டன. நாம் இந்தி கற்கும்போதும் இதே கதைதானே? செய்தியில் 'பிரதான் மந்திரி', 'விமான்', 'நகர்' எல்லாம் பிடிபடும். சந்தையில் கத்தரிக்காய் கேட்கத் தெரியாது. பேச வராமல் புத்தகத்திலேயே இங்கிலீஷ் படித்த என் போன்றவர்களுக்கு இது ஒரு வகையில் லாபம்.

இன்னொன்று: பிரெஞ்சு எழுத்தின் தலையில் குட்டிக் கூரை இருந்தால், பெரும்பாலும் அங்கே ஒரு 'ஸ்' தொலைந்திருக்கும். ஒப்பிதாலில் அதைத் திரும்ப வைத்தால் ஹாஸ்பிடல். ஃபொரேயில் வைத்தால் ஃபாரஸ்ட். ஆனால் எழுத்தில் பாருங்கள். காதை நம்பினால் காட்டைக் கண்டுபிடிக்கவே முடியாது.

மாட்ரிட் மச்சான்:
ஸ்பானிஷில் யுனிவர்சிட்டி உனிவெர்சிதாத் ஆகும், நேஷன் நாஸியோன் ஆகும். இந்தத் தைரியத்தில் இருந்தேன். ஒருநாள் ஆபீசில் ஒருவர் "எஸ்தோய் கொன்ஸ்திபாதோ" என்றார். மலச்சிக்கலை ஏன் இப்படி ஊருக்கே அறிவிக்கிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். மனிதர் படாரென்று தும்மினார். ஸ்பெயினில் அதற்கு ஜலதோஷம் பிடித்திருக்கிறது என்று அர்த்தமாம்.

லிஸ்பன் அக்கா:
எனக்கு இங்கிலீஷைவிடத் தமிழ்தான் கைகொடுத்தது. வாடகைக்கு வீடு பார்க்கப் போனபோது வீட்டுக்கார அம்மா ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். ஜனெலா, மெஸா, அர்மாரியு. கடைசியில் கையில் 'ஷாவ்' என்று ஒன்றைக் கொடுத்தார். ஜன்னல், மேசை, அலமாரி, சாவி! 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த போர்த்துகீசியர்கள் பாதி வீட்டுச் சாமானை நம்மிடம் விட்டுப் போயிருக்கிறார்கள்.

டிராம்வாசி:
அக்கா, அங்கே கரண்டிக்கு என்ன சொல்வார்கள்?

லிஸ்பன் அக்கா:
குல்யேர், தம்பி. உங்கள் குய்யேருக்குக் கூடப்பிறந்தது.