புதுப்பிப்பு: இரட்டைக் கண்ணாடி போட்டும் சத்தம் ஏன் குறையவில்லை?

சத்தம் குறைய இரட்டைக் கண்ணாடி சன்னல் போடலாம் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். போட்ட பிறகும் லாரிச் சத்தம் அப்படியே வருகிறதே என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். அதில் பொருத்தும் முறையை விட்டுவிட்டேன். பாதிப் பலன் அதில்தான் இருக்கிறது.

1.2 மீட்டர் சதுரச் சன்னலைச் சுற்றி 3 மி.மீ. இடைவெளி விட்டால் அது சன்னல் பரப்பில் 1%. அவ்வளவு ஓட்டை இருந்தால் எந்தக் கண்ணாடியும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே நுரை மட்டும் அடித்து மேலே பட்டி பூசிவிடுவார்கள்; பட்டி விரிசல் விட்டதும் சத்தம் நுழையும். ஃபோம் கயிறு திணித்து, உள்ளேயும் வெளியேயும் இறுகிப்போகாத சீலன்ட் (இடைவெளியை அடைக்கும் பசை) போடச் சொல்லுங்கள். பிறகு சட்டத்துக்கும் சன்னல் கதவுக்கும் இடையில் ஒரு தாளை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவி வந்தால் கதவு விளிம்பில் உள்ள ரப்பர் அழுந்தவில்லை, கீலையும் பூட்டையும் சரிசெய்ய வேண்டும். தள்ளு சன்னல்களில் பெரும்பாலும் ரப்பருக்குப் பதில் பிரஷ்தான் இருக்கும்; சாலைப் பக்கத்துக்குத் தள்ளு சன்னல் வேண்டவே வேண்டாம்.

கண்ணாடியில் 4-12-4 அமைப்பு (4 மி.மீ. கண்ணாடி, 12 மி.மீ. இடைவெளி, 4 மி.மீ. கண்ணாடி) 250 ஹெர்ட்ஸை ஒட்டி ஒத்ததிர்ந்து கனத்த சத்தத்தை உள்ளே விட்டுவிடும். ஒன்று 6, மற்றது 10 மி.மீ. எனத் தடிமனை மாற்றுங்கள். ஒன்று லேமினேட்டாக (நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய கண்ணாடியாக) இருக்கட்டும். பழைய சன்னலுக்கு உள்பக்கம் 100 மி.மீ. தள்ளி இன்னொரு சன்னல் வைத்தால் இன்னும் நல்லது.