பழைய அமெரிக்க இரும்பு, தகரச் சாமான்களை ஏன் வரைந்து வைத்தார்கள்?

கேள்வி: வாஷிங்டன் நேஷனல் கேலரி ஆஃப் ஆர்ட் இணையதளத்தில் இன்டெக்ஸ் ஆஃப் அமெரிக்கன் டிசைன் என்கிற, பழைய அமெரிக்கக் கைவினைப் பொருள்களை வரைந்து வைத்த தொகுப்பின் ஓவியங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரும்பு விளக்கு, செம்புக் கெட்டில், பூப்போட்ட தகரக் காபிப் பாத்திரம் என்று எல்லாமே வாட்டர்கலர். 1930களில் கேமராதான் இருந்ததே, அப்புறம் ஏன் கையால் வரைந்தார்கள்?

பதில் 1: கேமரா இருந்தது, ஆனால் அன்றைய கலர் போட்டோ செலவும் அதிகம், நிறமும் நம்பும்படி நிற்காது. அதோடு இது பெருமந்தம் எனப்படும் 1930களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் வேலையில்லாமல் தவித்த ஓவியர்களுக்கு அரசு சம்பளம் கொடுத்து நடத்திய திட்டம், ஃபெடரல் ஆர்ட் ப்ராஜெக்ட்டின் ஒரு பகுதி. 1935இல் தொடங்கி 1942 வரை சுமார் 18,000 ஓவியங்கள் சேர்ந்தன. கைவினைப் பொருளுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த அரசுத் திட்டம் அபூர்வம் என்பேன்.

பதில் 2: உலோகம் வரைவதுதான் இதில் கஷ்டமான வேலை. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பியூட்டர் குடுவையைப் பெரிதாக்கிப் பாருங்கள், பளபளப்பு மங்கலாக, விளிம்பில் மட்டும் மெல்லிய வெளிச்சம், நடுவில் ஒரு சொட்டை விழுந்திருந்தால் அதுவும் அப்படியே இருக்கும். பெரும்பாலும் பின்னணியே கிடையாது, வெற்றுத் தாளில் பொருளும் அதன் நிழலும் மட்டும். பெட்டி விளக்கு (Betty lamp) என்கிற கொழுப்பு எரிக்கும் சின்ன இரும்பு விளக்கையும் தேடிப் பாருங்கள், தொங்கவிடும் கொக்கிகூட விடுபடாது.

கேள்வி கேட்டவர்: சரி, இப்போதுதான் அந்தச் சொட்டை கண்ணில் படுகிறது! படங்களைப் பெரிய அளவில் இறக்கிக்கொள்ளலாமா?

பதில் 1: தாராளமாக, இலவசம்தான்.