சபை பிரியாமல் இருக்க வழி சொல்லுங்கள்

ஸ்தோத்திரம். திருப்பூர்ப் பக்கம் எங்களுடையது சின்ன பெந்தெகொஸ்தே சபை. பனியன் கம்பெனி வேலைக்குத் தெற்கேயிருந்து வந்தவர்களும் உள்ளூர்க் குடும்பங்களும் சேர்ந்துதான் ஆராதிக்கிறோம்.

இப்போது நகை விஷயத்தில் பிரச்சனை. தோடு, தாலியைக் கழற்றினால்தான் கர்த்தருடைய பந்தியில் (அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தில்) பங்கு என்கிறார்கள் மூப்பர்கள் சிலர். புதிதாக ஞானஸ்நானம் எடுத்த ஒரு அக்கா தாலியைக் கழற்றினால் மாமியார் வீட்டுக்குள்ளேயே விடமாட்டார். போன ஞாயிறு அப்பத்தட்டு அவரைத் தாண்டிப் போனது. அதோடு சில குடும்பங்கள் தனியாக வீட்டுக்கூட்டம் ஆரம்பித்துவிட்டன.

பைபிளில் அப்போஸ்தலர் 15-இல், யூதரல்லாத விசுவாசிகளும் விருத்தசேதனம் செய்ய வேண்டுமா என்ற தகராறையே எருசலேமில் உட்கார்ந்து பேசித்தானே தீர்த்தார்கள்? எங்கள் பாஸ்டர் உபவாச ஜெபத்தோடு நிறுத்திக்கொள்கிறார். ஜெபம் சரி, அப்புறம் பேச வேண்டாமா?

உங்கள் சபையில் இப்படி வந்தபோது இரு தரப்பையும் யார் உட்கார வைத்தார்கள்? வெளியூர் ஊழியரைக் கூப்பிடலாமா? வாட்ஸ்அப்பில் நடக்கும் வசனச் சண்டையை நிறுத்தவும் யோசனை இருந்தால் சொல்லுங்க.