டிரைவிங் ஸ்கூலில் பழைய விபத்துப் படங்களைப் போடலாமா?

ஒத்தக்கடை டிரைவர்:
பழைய சாலைப் பாதுகாப்புப் படங்களாகத் தேடிப் பார்த்து வருகிறேன். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் 1959-இல் வந்த 'சிக்னல் 30' மனதைவிட்டுப் போகவில்லை. நிஜ விபத்து நடந்த இடங்களுக்கே போய் எடுத்திருக்கிறார்கள். வண்டி ஓட்டப் பழகும் பள்ளி மாணவர்களுக்கு அதைப் போட்டுக் காட்டினார்களாம். நம்ம மதுரையிலும் போட வேண்டும். நாலுவழிச் சாலையில் அடுத்த திருப்பம் வரை போகச் சோம்பல்பட்டு எதிர்த்திசையில் டூவீலரில் வருகிறார்கள், தினமும் பார்க்கிறேன். எட்டுப் போட்டுக் காட்டினால் லைசென்ஸ் கிடைத்துவிடுகிறது. பயம் எங்கிருந்து வரும்?

கப்பலூர் லேத்:
பயம் ரெண்டு நாள்தான் நிற்கும் அண்ணே. பட்டறைக்கு வரும் புதுப் பையனிடம் விரல் போன போட்டோவைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வான், அப்புறம் பழையபடிதான். லேத்தில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் சக்கை இறுக்குகிற சாவியை, அதான் சக் கீயை, சக்கிலேயே விட்டுவிட்டு மோட்டாரைப் போட்டால் அது எப்படித் தெறிக்கும், ஜாப், அதாவது கடைகிற துண்டு, சுற்றும்போது கிளவுஸ் ஏன் கூடாது என்று காரணத்தோடு காட்டினால் கை தானாகப் பழகும். துணியின் நுனி சிக்கினாலே போதும், கை இழுபட்டுப் போகும். ஓடுகிற இயந்திரத்தைச் சோதிப்பவர் இறுக்கமான உடை போட வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டமே 22-ஆம் பிரிவில் சொல்லியிருந்தது. பழைய படங்களில் இப்படி வேலையை விளக்குகிறவற்றைத்தான் நான் சேர்த்து வைக்கிறேன்.

செல்லூர் டீச்சர்:
பயமுறுத்துவதில் எனக்கும் உடன்பாடு இல்லை. பிள்ளைகள் தண்டவாளத்தில் விளையாடக் கூடாது என்பதற்காக 1977-இல் பிரிட்டனில் 'தி பினிஷிங் லைன்' எடுத்தார்கள். தண்டவாளத்திலேயே பள்ளி விளையாட்டு விழா நடக்கிற மாதிரியான கதை. பார்த்த பிள்ளைகள் மிரண்டுபோகிறார்கள் என்று எதிர்ப்புக் கிளம்பி, 1979-இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். அவர்களிடம் இதைக் காட்ட எனக்கு மனம் வராது.

ஒத்தக்கடை டிரைவர்:
சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம் டீச்சர், சரி. நான் கேட்பது 18 வயது முடிந்தவனுக்கு. ரோட்டில் நிஜமாகப் பார்க்கப்போவதை வகுப்பில் பார்த்தால் என்ன?

கப்பலூர் லேத்:
பார்த்துவிட்டு என்ன செய்வான்? அதைச் சொல்ல வேண்டுமே. 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடும். எதிரில் வருபவனும் அதே வேகத்தில் வந்தால் நடுவில் உள்ள தூரம் நொடிக்கு 33 மீட்டர் குறையும். பிரேக்கில் கால் வைக்கும் முன்பே அவ்வளவும் போய்விடும். இதை நம்ம ஒத்தக்கடை ரோட்டிலேயே கோடு போட்டுப் படம் எடுங்கள். ஒஹாயோ காரைப் பார்த்தால் அது யாருக்கோ நடந்தது என்றுதான் நம்ம பையன் நினைப்பான்.

ஒத்தக்கடை டிரைவர்:
தம்பி, கோடு போடுவோம், மீட்டரும் சொல்வோம், நம்ம ரோட்டிலேயே எடுப்போம். ஆனால் அந்த 33 மீட்டர் முடிந்த இடத்தில் என்ன கிடக்கும் என்பதையும் காட்டத்தான் வேண்டும். அந்தக் காட்சியை மட்டும் நான் வெட்ட விடமாட்டேன்.