ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரில் நம் ஆதார்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோவில்பட்டிக்காரன்:

பையனின் கல்லூரி சேர்க்கைக்குச் சில பிரிண்ட் எடுக்க வேண்டியிருந்தது. பஸ் ஸ்டாண்ட் எதிரே ஒரு கடை. பட்டா, வில்லங்கம், பான் கார்டு எல்லாம் அங்கேதான். சுவரில் ஒட்டியிருக்கும் வாட்ஸ்அப் நம்பருக்கு ஃபைலை அனுப்பினால் கம்ப்யூட்டரில் திறந்து பிரிண்ட் போட்டுக் கொடுப்பார்கள்.

எனக்கு முன்னால் நின்ற பெரியவர் ஆதார் பிடிஎஃப் அனுப்பியிருந்தார். பாஸ்வேர்டு கேட்டது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கடைப் பையன் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "பொறந்த வருஷம் மட்டும் சொல்லுங்கய்யா" என்றான். சொன்னார், திறந்துவிட்டது. டவுன்லோடு செய்யும் ஆதார் எல்லாவற்றுக்கும் ஒரே விதிதான்: பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்து, அதோடு பிறந்த வருடம். பூட்டிவிட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட கதை.

அப்புறம் என் முறை. என் ஃபைலைத் தேட அவன் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தான். யார் யாருடையதோ ஆதார், பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், ஒரு வாடகை ஒப்பந்தம் என்று ஓடிக்கொண்டே இருந்தது. பிரிண்ட் கைக்கு வந்ததும் என்னுடையதை அழிக்கச் சொன்னேன். அழித்தான். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொன்னபோது பின்னால் நின்றவர்கள் என்னை முறைத்தார்கள். வாட்ஸ்அப்பில் நாம் 'எல்லோருக்கும் டெலிட்' கொடுத்தாலும் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இறங்கிய நகல் போகாது என்பதை அங்கே யாருக்குச் சொல்வது?

இப்போதெல்லாம் முடிந்த இடத்தில் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைத்தான் கொடுக்கிறேன். ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகமே 2022 மே மாதம், நகலைக் கண்டபடி கொடுக்காதீர்கள், மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள் என்று அறிக்கை விட்டது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளலாம் என்று இரண்டே நாளில் அந்த அறிக்கை வாபஸ் ஆனது தனிக்கூத்து.

நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

சேலத்து மருமகள்:

நான் அம்மாவின் ஆதாரில் கைரேகையைப் பூட்டி வைத்திருக்கிறேன்; திறக்கும்வரை எந்த மெஷினிலும் விரல் வைத்தாலும் ஏற்காது. ஊரில் கையடக்க மெஷினோடு பணம் எடுத்துக் கொடுக்க ஆள் வருவார். ஆதார் எண், பேங்க் பெயர், விரல் ரேகை, அவ்வளவுதான் வேண்டும். ஓடிபி, பின் நம்பர் எதுவும் கிடையாது. நடக்க முடியாதவர்களுக்கு நல்ல வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் எண் ஜெராக்ஸில் இருக்கிறது, ரேகை பத்திரத்தில் இருக்கிறது. 2018-ல் தெலங்கானாவில் சிம் விற்கும் ஒருவர் நிலப்பத்திரங்களில் இருந்த ரேகைகளை ரப்பர் அச்சாக எடுத்து, அதை வைத்து ஆயிரக்கணக்கில் சிம் ஆக்டிவேட் செய்து மாட்டினார். அதைப் படித்த பிறகுதான் பூட்டினேன்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. ரேஷன் கடையில் இருந்து அம்மா போன்: "மெஷின் என் விரலை ஏத்துக்க மாட்டேங்குதுடி." ஆதார் தளத்தில் தற்காலிகமாகத் திறந்தால் 10 நிமிடம் வேலை செய்யும், அப்புறம் தானே பூட்டிக்கொள்ளும். ஆனால் அதற்கு ஓடிபி அம்மா போனுக்குத்தானே வரும்? 'யார் கேட்டாலும் ஓடிபி சொல்லாதே' என்று பாடம் எடுத்தவளே நான்தான். "நீயே சொல்லக் கூடாதுன்னியே" என்று கேட்டுவிட்டுத்தான் எண்ணைப் படித்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

நைட் ஷிஃப்ட்:

ஜெராக்ஸ் எங்கெல்லாம் போயிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் நம் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்க்கலாம். மொபைல் எண்ணும் ஓடிபியும் போதும். என் அண்ணன் பெயரில் நாங்கள் கேள்விப்படாத எண் ஒன்று இருந்தது. 'இது என் எண் இல்லை' என்று அங்கேயே புகார் கொடுத்தோம். எல்லோரும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தமிழ்நாட்டில் ஒருவருக்கு 9 சிம் வரை அனுமதி என்பதால் இடையில் ஒன்று நுழைந்தாலும் சத்தம் வராது.

கடைக்காரன்:

நானும் பிரவுசிங் சென்டர்தான் வைத்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் எங்கள் பக்கமும் கேளுங்கள். மாஸ்க்டு ஆதார் பிரிண்ட் போட்டுக் கொடுத்தால், 'நம்பர் முழுசா தெரியலயாம், ஆபீஸ்ல வாங்க மாட்டேங்கிறாங்க' என்று அரை மணி நேரத்தில் திரும்பி வந்து திட்டுவது எங்களைத்தான். நான் தினமும் கடை சாத்துமுன் அந்த ஃபோல்டரைக் காலி செய்கிறேன், வாட்ஸ்அப் சாட்டையும் அழிக்கிறேன். எல்லாக் கடையிலும் செய்வார்கள் என்று சொல்ல மாட்டேன். கோவில்பட்டி அண்ணன் கேட்ட மாதிரி நின்று அழிக்கச் சொல்லுங்கள், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

ஆனால் என்னிடம் அழிக்கச் சொல்கிறவர்களைவிட, "போன மாசம் அனுப்பினேனே, அதிலிருந்தே ஒரு காப்பி போடுங்க தம்பி" என்று வருகிறவர்கள்தான் அதிகம். அழித்துவிட்டேன் என்றால், "ஒரு ஃபைலை வெச்சிருக்கக் கூடாதா?" என்று பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள்.