மினி பஸ்ஸுக்குள்ள ஒரு முழுநீளப் படம்: ரெண்டு ஹேண்டிகேம் போதுமா?

சேர்மாதேவி முதல் டிரிப்:
வணக்கம். திருநெல்வேலிப் பக்கத்து ஆளுங்க இங்க நிறைய இருக்கீங்கன்னுதான் கேக்கேன்.

90 நிமிஷப் படம். சேரன்மகாதேவியில இருந்து சுத்துப்பட்டு ஊர்களுக்குப் போயிட்டு வர்ற ஒரு மினி பஸ், அதுல ஒரு நாள். காலைல முதல் டிரிப்ல ஆரம்பிக்குது, ராத்திரி கடைசி டிரிப்ல முடியுது. டிரைவர், கண்டக்டர், ஏறி எறங்குற சனம், அவ்வளவுதான் கதை. முக்காவாசி பஸ்ஸுக்குள்ளயே நடக்கும். நடிகர்னு யாரும் கிடையாது, எல்லாம் ஊர்க்காரங்கதான்.

கேமரா: சோனி ஏ.எக்ஸ்.53 ஹேண்டிகேம் ரெண்டு. ஒன்னு என்னுது, ஒன்னு மச்சானோடது. ரெண்டும் 4கே எடுக்கும். துட்டு மொத்தம் 6 லட்சம். எல்லாரும் வேலைக்குப் போறவங்க, அதனால அக்டோபர்ல ஆரம்பிச்சு சனி ஞாயிறு மட்டும் எடுத்து, பொங்கலுக்குள்ள முடிக்கிறதா திட்டம்.

சென்னையில ஒரு நண்பர், "ஹேண்டிகேம்ல எடுத்தா அது படமில்ல, கல்யாண கேசட்"டுங்கார். நான் ஒத்துக்கல. 1998-லயே 'ஃபெஸ்டன்'ங்கிற டென்மார்க் படத்தை சோனியோட சின்ன ஹேண்டிகேம்லதான் எடுத்தாங்க. 2002-ல ஈரான் இயக்குநர் கியாரோஸ்தமி 'டென்' படம் எடுத்தப்ப கார் டேஷ்போர்டுல ரெண்டு டிஜிட்டல் கேமராவை மாட்டித்தான் எடுத்தார். அந்தக் காலத்துச் சின்ன வீடியோ டேப்பான மினி டி.வி.-ல (டிஜிட்டல் வீடியோ) படம் 720-க்கு 576 புள்ளி. என் கேமராவுல 3840-க்கு 2160. சரியா 20 மடங்கு. அவங்களுக்குப் போதும்னா எனக்கு ஏன் போதாது?

எம்டி பத்தாயிரம்:
தம்பி, கல்யாண கேசட்டுன்னு சொன்னவரு எங்க தொழிலையும் சேத்துல்லா ஏசியிருக்காரு. அதைப் பெறவு பாத்துக்கிடுவோம்.

பாளையங்கோட்டையில பானாசோனிக் எம்.டி. பத்தாயிரத்தைத் தோள்ல தூக்கின காலத்துல இருந்து இந்தச் சோலி பாக்கேன். பேரே அதான் வச்சிருக்கேன். பெறவு பி.டி.170. அறுவது நிமிச டேப்பை, டேப்பு வேகமா ஓடுற 'டி.வி.கேம்' முறையில போட்டா நாப்பதுதான் ஓடும், அதுக்குள்ள தாலி கட்டியாகணும். அந்தக் கேமராவெல்லாம் நெளிவு சுளிவோட தெரியும்ங்கதுனால சொல்லுதேன்: புள்ளிக் கணக்க விடும். உம்ம கேமராவுல வெளிச்சத்தைப் பிடிக்கிற சில்லு, அதான் சென்சாரு, சுண்டுவிரல் நகத்தை விடச் சின்னது. வெளிச்சமும் நெழலும் ஒரே பிரேமுல வந்தா அதால ரெண்டையும் தாங்க முடியாது.

மத்தியானம் பன்னெண்டு மணி. ஒரு ஆச்சி ஜன்னலோரம் உக்காந்திருக்கா. மூஞ்சி நெழல்ல, வெளிய வெயிலு. ஆச்சி மூஞ்சிக்கு வெளிச்சம் வச்சா ஜன்னலுக்கு வெளிய ஒன்னுமே இருக்காது, வெறும் வெள்ளை. வயல் தெரியணும்னா ஆச்சி கறுத்துப் போவா. பக்கத்துல வெள்ளை வேட்டி கட்டினவர் உக்காந்தா தீந்துது, வேட்டியில ஒரு மடிப்பு தெரியாது. பெறவு எடிட்டிங்ல எறக்கிக்கிடலாம்னு நெனைக்காதீரும். உம்ம கேமராவோட 8 பிட்டு வீடியோவுல வெள்ளையாப் போனது போனதுதான். ஆட்டோல விட்டா அதவிடச் சீரழிவு: பஸ்ஸு வேப்பமரத்து நெழலுக்குள்ள நுழைஞ்சு வெளிய வரும்போதெல்லாம் ஆச்சி மூஞ்சி ஏறி எறங்கும்.

'டென்'ங்கீரு. அது காரு, ரெண்டே பேரு உக்காந்து பேசுதாங்க. மினி பஸ்ஸுல ரெண்டு பக்கமும் வரிசையா ஜன்னலு, அதுல பாதிக்குக் கண்ணாடியே இருக்காது.

வடபழனி அம்பைக்காரன்:
எம்டி அண்ணாச்சி சொன்னதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் எடுத்துக்காட்டிய படத்தையே பார்ப்போம். 'ஃபெஸ்டன்' ஒளிப்பதிவாளர் ஆண்டனி டாட் மேன்டில், பின்னாளில் ஆஸ்கர் வாங்கியவர். அவரேதான் 2002-ல் வந்த '28 டேஸ் லேட்டர்' படத்தை கேனான் எக்ஸ்.எல்.1-ல் எடுத்தார். லண்டன் சாலையை விடியற்காலையில் கொஞ்ச நேரம்தான் மறிக்க விடுவார்கள், அதற்குள் பல கேமராக்களைச் சட்டென்று வைத்து எடுக்க வேண்டும். அதற்குச் சின்ன கேமராதான் தோது. ஆனால் அதே படத்தின் முடிவுப் பகுதி 35 எம்.எம். பிலிமில் எடுத்தது. அவர்கள் சின்ன கேமராவுக்குப் போனது காசில்லாமல் அல்ல, காட்சிக்கு அது தேவைப்பட்டதால். நீங்கள் போவது மச்சானிடம் ஒன்று சும்மா கிடப்பதால். இரண்டும் ஒன்றில்லை.

அடுத்தது கணக்கு. முழுநீளப் படத்தில் கேமரா வாடகை பெரிய செலவே கிடையாது. இருபது பேருக்கு மூன்று வேளைச் சாப்பாடு, பஸ் வாடகை, டீசல், எடிட்டிங், ஒலிக்கலவை, கலர் சரிசெய்வது, தியேட்டருக்குக் கொடுக்கும் டிஜிட்டல் பிரதி (டி.சி.பி.), தணிக்கை: பணம் அங்கேதான் கரையும். நல்ல சென்சார் உள்ள கேமரா ஒன்று, லென்ஸ் இரண்டு, ஃபோகஸ் பார்க்க ஒரு ஆள். லீவு போட்டு ஒரே மூச்சில் முடியுங்கள். சனி ஞாயிறு வைத்து முழுப்படம் தொடங்கியவர்களில் முடித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

சேர்மாதேவி முதல் டிரிப்:
மச்சான் கேமரா விஷயத்துல நீங்க சொன்னது வலிக்குது, ஆனா பரவால்ல.

அண்ணே, பெரிய கேமராவை மினி பஸ்ஸுக்குள்ள எங்க வைக்க? நடைபாதை ஒரு ஆள் அகலம். கேமராமேன், ஃபோகஸ் ஆளு, மைக் பிடிக்கிறவர்னு நின்னா கண்டக்டர் எப்படி டிக்கெட் கொடுப்பார்? அப்புறம் நம்ம சனம். பெரிய கேமராவைக் கண்டா "ஹீரோ யாரு"ன்னு கேட்டு அடுத்த ஸ்டாப்புக்குள்ள நாப்பது பேர் கூடிருவாங்க. முக்கிய வேஷம் போடுற ஆச்சி பீடி சுத்துறவங்க. என் ஹேண்டிகேம் முன்னால தட்டை மடியில வச்சுக்கிட்டுக் கை பாட்டுக்கு சுத்த, வாய் பாட்டுக்குப் பேசுது. இலைய வெட்டி, தூள வச்சு, உருட்டி, நூல் கட்டுற வரைக்கும் ஒருதடவை கூட கேமராவைப் பாக்கல. நண்பரோட பெரிய கேமராவைக் கொண்டு போய் வச்சப்ப சேலையைத் திருத்திக்கிட்டு, "எங்க பாக்கணும்யா?"ன்னு கேட்டாங்க. இந்த ஒன்னுக்காகவே ஹேண்டிகேம்தான்னு முடிவு பண்ணேன். துட்டு மிச்சம் அதுக்குப் பெறகுதான்.

எம்டி பத்தாயிரம்:
அது வாஸ்தவம். கல்யாண வீட்லயும் லைட்டு போட்டாத்தான் மூஞ்சி வெறைக்கும்.

பிசானம்:
நான் படக்காரன் இல்ல, விவசாயி. எம் மண்டையில உறுத்துனத கேக்கேன். கதை ஒரே நாளுன்னு சொல்லுதீங்க. அக்டோபர்ல ஆரம்பிச்சு பொங்கல் வரைக்கும் எடுப்போம்ங்கீங்க. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்துல அது பிசானம் நெல்லுப் பருவம்லா? ஐப்பசியில வயல் உழவுல கிடக்கும், சேறுதான் தெரியும். கார்த்திகையில நடவு. மார்கழியில கருகருன்னு பயிர். தை பொறந்தா கதிரு. கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போது ஜன்னலுக்கு வெளிய நாத்து நிக்கும், சில்லறை கொடுக்கும்போது கதிரு சாஞ்சு கிடக்கும். எங்க பக்கம் எந்தக் கெழவனும் அதை விட்டுக்கொடுக்க மாட்டான். தியேட்டர்லயே சொல்லிருவான்.

ஊடால ஐப்பசி கார்த்திகை மழை வேற. ரோடு ஒரு ஷாட்டுல நனைஞ்சிருக்கும், ஒரு ஷாட்டுல புழுதி பறக்கும்.

வடபழனி அம்பைக்காரன்:
இதைத்தான் சொன்னேன், இவ்வளவு அழகாகச் சொல்லத் தெரியவில்லை.

எம்டி பத்தாயிரம்:
அப்பம் ஆனி ஆடியில வையும். மலையில சாரல் விழுதப்ப நம்ம பக்கம் மேகம் மூடியே கிடக்கும். வெயிலு எறங்கி, ஆச்சி மூஞ்சியும் வெளியவும் ஒரே வெளிச்சத்துக்கு வந்துரும். சின்ன சென்சாருக்கு அதவிட்டா காலம் கிடையாது.

பத்தமடைப் பாய்:
ஆனி ஆடியா? அண்ணாச்சிக்குக் கண்ணு மட்டுந்தான் இருக்கு, காது இல்ல. நான் ஒலிப்பதிவு பாக்கிறவ, எந்த ஊருன்னு பேருலயே தெரியும். செங்கோட்டைக் கணவாய் வழியா வர்ற காத்து அந்த ரெண்டு மாசமும் நிக்கவே நிக்காது. ஜன்னல் தொறந்த பஸ்ஸுல மைக்குக்கு எத்தனை ரோமத்தொப்பி போட்டாலும் வசனத்துக்கு அடியில ஒரு இரைச்சல் ஓடிக்கிட்டேதான் இருக்கும். படத்துக்கு நல்ல மாசம் சத்தத்துக்கு ஆகாது, சத்தத்துக்கு நல்ல மாசம் படத்துக்கு ஆகாது. எதை விடுறதுன்னு தம்பிதான் முடிவு பண்ணணும். நான் சொல்லுறது: சத்தத்தை விடாதீங்க.

இத்தனை பேரு பேசிட்டீங்க, எஞ்சினைப் பத்தி ஒருத்தரும் பேசல. ஹேண்டிகேம்ல இருக்கிற மைக்கை மறந்துருங்க. யாரும் பேசாத நேரத்துல அதுவே சத்தத்தை ஏத்தி, டீசல் எஞ்சினைக் கொண்டாந்து முன்னால நிறுத்தும். பேச ஆரம்பிச்சதும் எறக்கும். பேசுறவங்க ஒவ்வொருத்தர் சட்டைக்குள்ளயும் சின்ன மைக், அவங்கவங்க இடுப்புல ஒரு ரெக்கார்டர். செலவு இதுலதான் பண்ணணும்.

எஞ்சினை நிறுத்திட்டு, நின்ன பஸ்ஸுல வசனக் காட்சியை எடுத்து, எஞ்சின் சத்தத்தைப் பெறகு சேக்கலாம். எல்லாரும் பண்றதுதான். ஆனா அதுல ஒரு வம்பு இருக்கு. ஓடுற பஸ்ஸுல நம்ம ஆளுங்க கத்தித்தான் பேசுவாங்க, ரெண்டு சீட்டு தள்ளி உக்காந்து சம்பந்தமே பேசி முடிப்பாங்க. எஞ்சின் நின்னதும் குரல் தானா எறங்கிரும். அந்த எறங்கின குரலுக்கு மேல எஞ்சினைப் போட்டா பொய்னு உடனே தெரியும். அதனால எடுக்கிறதுக்கு முன்னால கொஞ்ச நேரம் எஞ்சினை ஓடவிட்டுப் பேச வைங்க, கழுத்து நரம்பு புடைச்சு வரும்போது எஞ்சினை நிறுத்திட்டு, "அப்படியே பேசுங்க"ன்னு சொல்லணும். தொழில் நடிகரை விட ஊர்க்காரங்க இதை நல்லாவே செய்வாங்க.

வடபழனி அம்பைக்காரன்:
இவ்வளவு பாடு எதற்கு? அடையாளத்துக்கு மட்டும் ஒலி (பைலட் டிராக்) எடுத்துவிட்டுச் சென்னையில் டப்பிங் பேசிவிடலாமே.

பத்தமடைப் பாய்:
பீடி சுத்துற ஆச்சியை வடபழனிக்குக் கூட்டிட்டு வந்து, கண்ணாடி ரூம்ல நிறுத்தி, உதட்டசைவு பாத்துப் பேசச் சொல்லப் போறீங்களா? இல்ல, வேற ஒருத்தர் பேசுவாங்களா? பேசுவாங்க, வாக்கியத்துக்கு ஒரு 'ஏலே' போட்டு. அம்பையில பொறந்த நீங்களே இதைச் சொல்லலாமா அண்ணே?

சேர்மாதேவி முதல் டிரிப்:
டப்பிங் கிடையாது, அதுல மாற்றமே இல்ல. அக்கா சொன்ன எஞ்சின் யோசனை நல்லாருக்கு. ஆனா பஸ்ஸுல எப்பவும் பாட்டு ஓடுமே? எங்க ரூட்டு வண்டியில காலைல இருந்து ராஜா பாட்டுதான். அது இல்லாம மினி பஸ்ஸே இல்ல.

பத்தமடைப் பாய்:
எடுக்கும்போது பாட்டே இருக்கக் கூடாது. ரெண்டு ஷாட்டை ஒட்டும்போது பாட்டு பல்லவியில இருந்து சரணத்துக்குத் தாவும். பெறகு சேக்கணும்னா இசைக்கு ஒரு உரிமை, ஒலிப்பதிவுக்கு ஒரு உரிமை, ரெண்டும் தனித்தனியா வாங்கணும். உங்க 6 லட்சத்துல அது ஆகுமா?

வடபழனி அம்பைக்காரன்:
உள்ளூர் வில்லுப்பாட்டுக் குழுவையோ நையாண்டி மேளத்தையோ நீங்களே பதிவு செய்து, எழுத்தில் ஒப்பந்தம் வாங்கி, அதை ஓடவிடுங்கள். கோயில் கொடை சமயத்தில் அப்படி ஓடுகிற பஸ் உண்டுதானே.

இன்னொன்றும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கதையில் யாராவது கோழியோ ஆட்டுக்குட்டியோ கொண்டு ஏறுகிறார்களா?

சேர்மாதேவி முதல் டிரிப்:
ரெண்டாவது டிரிப்ல ஒரு சேவல் இருக்கு. கொடைக்கு நேந்துவிட்ட சேவல். படத்துல பாதி சிரிப்பு அதுலதான்.

வடபழனி அம்பைக்காரன்:
தியேட்டரில் ஓட்ட வேண்டுமானால் ஹேண்டிகேமில் எடுத்தாலும் செல்போனில் எடுத்தாலும் 1952-ஆம் வருஷத்துச் சட்டப்படி தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். விலங்கு, பறவை எது வந்தாலும் விலங்குகள் நல வாரியத்தின் தடையில்லாச் சான்று கேட்பார்கள். அதற்கு எடுப்பதற்கு *முன்பே* அனுமதி வாங்கியிருக்க வேண்டும், 2001-ஆம் வருஷத்து விதி. எடுத்துவிட்டுப் போய் நின்றால் அலைச்சல்தான். வாரியம் முன்பு சென்னையிலேயே இருந்தது, இப்போது ஹரியானாவில் பல்லப்கர்.

எம்டி பத்தாயிரம்:
சேவலுக்கு ஹரியானாவுல பெர்மிசனா! வெளங்கிரும்.

வடபழனி அம்பைக்காரன்:
சிரிக்காதீர்கள் அண்ணாச்சி, இந்த ஒன்றில் மாட்டி வெட்டுப்பட்ட காட்சிகள் எத்தனையோ. சேவலைக் கூடைக்குள் வைத்து, சத்தத்தை மட்டும் கேட்க வைப்பதுதான் மலிவு. சிரிப்பும் குறையாது.

பிசானம்:
மாசியில எடுங்களேன். தையில முத்துன கதிரு மாசியில அறுப்பு வரைக்கும் ஒரே நெறத்துல நிக்கும். மழை ஓஞ்சிரும், ஆடிக் காத்து கிடையாது, சித்திரை அளவுக்கு வெயிலும் ஏறாது. ஆனா அறுப்பு மிசினு ஒரு ஓரத்துல எறங்கிட்டா மறுநாளே மொட்டையாயிரும். ரெண்டு வாரம் கிடைக்கும், அதுக்கு மேல உத்தரவாதம் கிடையாது.

வடபழனி அம்பைக்காரன்:
ஆக, சனி ஞாயிறு போயிற்று. தொடர்ந்து பன்னிரண்டு நாள். அப்படியானால் நல்ல கேமரா வாடகையும் பன்னிரண்டு நாளைக்குத்தான்.

சேர்மாதேவி முதல் டிரிப்:
மாசிக்கு ஒத்துக்கறேன், லீவுக்கு ஆபீஸ்ல கால்ல விழணும். மத்தியான டிரிப்பையும் மாத்திட்டேன்: பஸ் பஞ்சராகி புளியமரத்தடியில நிக்குது, முழுக் காட்சியும் நெழலுக்குள்ள. ஓடுற காட்சியெல்லாம் காலைல ஒம்பது மணிக்குள்ள, சாயங்காலம் நாலுக்கு மேல. ஷட்டர், வெள்ளைச் சமன் (ஒயிட் பேலன்ஸ்), ஃபோகஸ் மூணையும் கையால பூட்டிருவோம். டீக்கடை டியூப்லைட் மினுக்காம இருக்க ஷட்டர் 1/50 நொடி. கேமரா ரெண்டும் ஹேண்டிகேம்தான். ஒரே நேரத்துல ரெண்டும் ஓடினாத்தான் ஆச்சி சொன்னதையே மறுபடி சொல்ல வேண்டியதில்ல.

வடபழனி அம்பைக்காரன்:
பிடிவாதம். சரி, நொடிக்கு 25 பிரேமில் எடுத்துத் தியேட்டருக்கு 24-ல் கொடுத்தால் 90 நிமிடம் 93 நிமிடம் 45 நொடி ஆகும், குரலும் சற்றுத் தடிக்கும். அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள். இரண்டு கேமரா தலா நொடிக்கு 100 மெகாபிட்டில் ஓடினால் மணிக்கு 90 ஜி.பி. தினமும் இரண்டு பிரதி எடுக்க ஹார்டு டிஸ்க் வாங்கிவிட்டீர்களா? டேப் தீர்ந்துவிடும் என்ற பயம் இல்லாததால் எல்லாவற்றையும் எடுத்துக் குவிப்பீர்கள். எடிட்டிங் மேஜையில் உட்காரும்போது தெரியும்.

இன்னும் என் கட்சி இதுதான்: ஒரே ஆச்சி, ஒரே ஜன்னல், ஒரே நேரம். உங்கள் ஹேண்டிகேமிலும் பெரிய கேமராவிலும் எடுத்து, லேப்டாப்பில் அல்ல, திருநெல்வேலி ஜங்ஷனில் ஏதாவது தியேட்டரில் காலைக் காட்சிக்கு முன்னால் கேட்டுப் பெரிய திரையில் போட்டுப் பாருங்கள். பிறகு பேசலாம்.

சேர்மாதேவி முதல் டிரிப்:
பாக்கலாம். பெரிய கேமரா யார் தருவா? ஞாயித்துக்கிழமை காலைல பஸ் கிடைக்குது.

எம்டி பத்தாயிரம்:
எங்கிட்ட ஒன்னு இருக்கு. ஞாயித்துக்கிழமை முகூர்த்தம், ஆவாது. திங்கக்கிழமைன்னா முதல் டிரிப்புக்கே வந்து நிக்கேன். டீசல் உம்ம செலவு.