பிறேக் ஃபேட்: ‘சூட்டிளக்கம்’ என்று வைத்துக்கொள்ளலாமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பிறேக் சூடேறிப் பிடி குறைவதைக் குறிக்கும் ‘பிறேக் ஃபேட்’ (brake fade) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடும் இந்த இழையை முதல் மடலிலிருந்து வாசித்து முடித்தேன். ‘தடுப்பு மங்கல்’, ‘பிறேக் சோர்வு’, ‘வெப்பத் தளர்ச்சி’ என்று இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. காரணம் சொல்லுமுன், எந்தப் பொருளுக்குச் சொல் தேடுகிறோம் என்பதில் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. எழுதியவர்களில் பாதிப்பேர் பிறேக் பழுதாவதைப் பற்றிப் பேசுகிறார்கள். மீதிப்பேர் பிறேக் சூடேறிப் பிடிக்காமல் போவதைப் பற்றிப் பேசுகிறார்கள். இவை இரண்டும் வெவ்வேறு சங்கதிகள்.

மலைப்பாதையில் லொறி கவிழ்ந்தால் எங்கள் இலங்கைப் பத்திரிகைகளுக்கு இரண்டே வாய்பாடுதான்: ‘வேகக் கட்டுப்பாட்டை இழந்து’, இல்லாவிட்டால் ‘பிறேக் செயலிழந்து’. முதலாவதில் செய்தியே இல்லை. இரண்டாவது பல வேளைகளில் பிழை. காற்றுக் குழாய் வெடித்தால் அது செயலிழப்பு. பிறேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் றப்பர் கிழிந்தாலும் செயலிழப்பு. ஆனால் நீண்ட இறக்கத்தில் மிதித்தபடியே வந்த லொறியில் எதுவும் உடைந்திருக்காது. குழாய் இருக்கிறது, தாங்கியில் காற்று இருக்கிறது, உராய்ந்து பிடிக்கும் லைனர் இருக்கிறது, சாரதி முழுப் பலத்தோடு பெடலில் ஏறி நிற்கிறார். பிடி மட்டும் இல்லை. சில மணி நேரம் கழித்துப் பரிசோதகர் வந்து மிதித்துப் பார்த்தால் பிறேக் நன்றாகப் பிடிக்கிறது. வாகனத்தில் கோளாறில்லை என்று எழுதினால் பழி முழுவதும் சாரதியின் தலையில் விழுகிறது. ‘பிறேக் இல்லாமல் போய்விட்டது’ என்று அந்த மனிதர் சொன்னதும் உண்மை, பரிசோதகர் எழுதியதும் உண்மை. இரண்டையும் ஒன்றாகச் சொல்ல ஒரு சொல் வேண்டும்.

எங்கள் கிழக்குக் கரையில், மட்டக்களப்பிலும் அம்பாறையிலும், மலை எங்கே இருக்கிறது என்று தமிழகத்து நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரையும் மேற்கேயுள்ள படுவான்கரையும் தட்டை நிலம். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் பிறேக்கை மாடு குறுக்கே வரும்போதுதான் மிதிக்கிறோம். சிக்கலே அங்கேதான். தட்டை நிலத்தில் பழகிய சாரதி, நெல்லையோ அரிசியையோ ஏற்றிக்கொண்டு செங்கலடி, மகாஓயா, பதியத்தலாவ, மகியங்கனை வழியே கண்டிக்கு ஏறுகிறார். ஏற்றத்தில் லொறி மூச்சு வாங்குமே தவிர ஆபத்தில்லை. திரும்பும்போது மரக்கறியோ சீமெந்தோ ஏற்றிக்கொண்டு உடுதும்பறைப் பக்கமிருந்து ஹசலக்கவை நோக்கிப் பதினெட்டு வளைவு இறங்க வேண்டும். அம்பாறைக்காரர் சிலருக்கு எல்லயிலிருந்து வெல்லவாயாவுக்கு இறங்கும் பாதை. உங்கள் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளோடு ஒப்பிட்டால் இவை சிறியவைதான். ஆனால் பாரம் ஏற்றிய பழைய டாட்டா 1613 லொறி ஒன்றுக்கு இவையே போதும்.

அந்த இலக்கத்திலேயே கணக்கு இருக்கிறது. 1613 என்றால் மொத்த எடை 16 தொன், எஞ்சின் ஏறத்தாழ 130 குதிரை வலு. பதினாறு தொன் எடை செங்குத்து உயரத்தில் 500 மீற்றர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். விடுபடும் சக்தி 78 மெகாஜூல். இரண்டு லீற்றர் டீசலை எரித்தால் வருவதைவிடக் கூடிய வெப்பம் இது. எஞ்சினும் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளாத பங்கு அத்தனையும் பிறேக் ட்ரம்களுக்குள், அதாவது சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்பு உருளைகளுக்குள்தான் போக வேண்டும். வேறு வழியில்லை. இந்த வெப்பத்தைச் சொல்லாத எந்தச் சொல்லும் பாதிச் சொல்தான் என்பது என் கட்சி.

வெப்பம் உள்ளே போனதும் நடப்பதையும் பார்த்துவிடுவோம். லைனரைக் கட்டிவைத்திருப்பது பிசின். ஏறத்தாழ 250, 300 பாகை செல்சியஸைத் தாண்டியதும் அது சிதையத் தொடங்கி வாயு வெளியேறுகிறது, உராய்வு விழுகிறது. ட்ரம் பிறேக்கில் இது இன்னும் மோசம். லைனர் ஒட்டிய வளைந்த தகடுதான் ஷூ; முன்செல்லும் ஷூவை ட்ரம்மின் சுழற்சியே இழுத்து மேலும் அழுத்தும் அமைப்பு அது. உராய்வு கொஞ்சம் குறைந்தால் அந்த இழுப்பும் சேர்ந்து குறைகிறது. இழப்பு கணக்கை மீறிப் போகிறது. இது போதாதென்று சூடேறிய ட்ரம் விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது. காற்றுப் பிறேக்கில் ஷூவை இயக்கும் தள்ளுதண்டு வழமையைவிடத் தூரம் நீள வேண்டும். இந்த நீளத்தைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டரை ஒழுங்காக இறுக்காத லொறியில் அது தன் எல்லையிலேயே போய் நின்றுவிடும். அதற்கு மேல் மிதித்துப் பயனில்லை. இசுசு எல்ஃப் போன்ற, எண்ணெய் அழுத்தத்தால் பிறேக் பிடிக்கும் ஹைட்ரோலிக் வண்டிகளில் இன்னொரு கூத்தும் உண்டு. டொட் 3 (DOT 3) ரகப் பிறேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 பாகையில்தான் கொதிக்கும். ஈரத்தை உறிஞ்சிப் பழசானதும் 140 பாகைக்கே இறங்கிவிடுகிறது. கொதித்தால் குமிழி, குமிழி அமுங்கும், பெடல் அடித்தட்டில் போய் ஒட்டிக்கொள்ளும்.

அக்கரைப்பற்றில் நான் வழக்கமாகப் போகும் கராஜில் சென்ற மாதம் இப்படி ஒரு வண்டி வந்து நின்றது. கராஜ்காரக் காக்கா (அண்ணன்) பின் ட்ரம்மைக் கழற்றி வெளியே வைத்தார். உட்புறத்தில் இரண்டு இடத்தில் நீலம் பாரித்திருந்தது. குறுக்கே மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. லைனரின் முகம் கண்ணாடிபோல் பளபளத்தது. அவர் பெருவிரல் நகத்தால் கீறிப் பார்த்தார்; கோடு விழவில்லை. “தம்பி, இது தேயவும் இல்லை, உடையவும் இல்லை. மேல்முகம் வெந்திருக்கிறது” என்றார். எமரித் தாளை எடுத்துத் தேய்க்கத் தொடங்கியவரிடம், பழைய லைனர் என்றால் அஸ்பெஸ்டஸ் இருக்கும் காக்கா, கொம்பிரசர் காற்றால் ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள் என்று சொன்னேன். சிரித்தார், ஆனாலும் துணியை நனைத்துக்கொண்டார்.

‘வெந்த லைனர்’ என்பது அருமையான சொல். அதை நாம் வேறொன்றுக்குப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்: சூடேறி முகம் கண்ணாடியாகிப்போன லைனருக்கு. அது ட்ரம்மைத் திறந்தால் கண்ணுக்குத் தெரியும் எச்சம். ஆறிய பிறகும் இருக்கும். நாம் தேடுவதோ ஓடும்போது நேர்ந்து, ஆறியதும் மறைந்துபோகும் நிலைக்கான சொல்.

இனி முன்மொழிவுகள். ‘தடுப்பு மங்கல்’ ஆங்கிலச் சொல்லைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. விளக்கு மங்கும், கண் மங்கும், துணியின் நிறம் மங்கும். பிடி மங்குமா? எந்த லொறிக்காரரும் இதை வாயெடுத்துச் சொல்லப்போவதில்லை. ‘வெப்பத் தளர்ச்சி’யில் வெப்பம் இருக்கிறது, நல்லது. ஆனால் தளர்ச்சி என்றதும் அட்ஜஸ்டர் தளர்ந்திருப்பதாகவே கராஜில் விளங்கிக்கொள்வார்கள். உடனே ஸ்பானர் சாவியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விடுவார்கள்.

‘பிறேக் சோர்வு’தான் இவற்றில் வலுவானது. சோர்ந்தவன் இளைப்பாறினால் தெளிவான் என்ற கருத்து அதற்குள் இருக்கிறது, பிறேக்கும் அப்படித்தான். எனக்கும் ஓரிரு நாள் மனம் அதன் பக்கமே சாய்ந்திருந்தது. தடுப்பது ‘உலோகச் சோர்வு’. திரும்பத் திரும்ப வளைந்து லொறியின் பட்டைவில் வெடிப்பதையும் சேசிஸ் (அடிச்சட்டம்) கீறல் விடுவதையும் அப்படித்தான் எழுதிவருகிறோம். அந்தச் சோர்வு ஓய்வெடுத்தால் தீராது. வெடித்த வில் ஆறிய பிறகு ஒட்டிக்கொள்வதில்லை. ஒரே லொறியில் ஒரே சொல்லுக்கு, தீரும் குறை ஒரு பொருள், தீராத குறை இன்னொரு பொருள் என்றால் பாடப்புத்தகம் எழுதுபவரும் படிப்பவரும் சேர்ந்தே குழம்புவார்கள்.

என் முன்மொழிவு ‘சூட்டிளக்கம்’. இளகுதல் என்றாலே சூட்டில் இறுக்கம் குலைவது. மெழுகு இளகுகிறது, ஆறினால் மறுபடி இறுகுகிறது. வெப்பம் காரணம், பிடி குறைவது விளைவு, ஆறினால் மீள்வது இயல்பு என்ற மூன்றும் ஒரே சொல்லுக்குள் அடங்குகின்றன.

எதிர்ப்பு வரும் என்று தெரியும். எங்கள் பக்கத்தில் ‘நட்டை இளக்கு’ என்றால் திருகைத் தளர்த்து என்று பொருள். ‘பிறேக்கை இளக்கிவிட்டேன்’ என்றால் அட்ஜஸ்டரைத் திருப்பி ஷூவை விலக்கினேன் என்று பொருள். ஆகவே ‘பிறேக் இளக்கம்’ என்று மட்டும் வைத்தால் ‘தளர்ச்சி’யில் கண்ட அதே குழப்பம் இங்கேயும் வரும். அதனால்தான் ‘சூடு’ முன்னால் வந்து நிற்கிறது; அந்த முன்னொட்டைக் கழற்றக் கூடாது. ‘வெப்பத் தளர்ச்சி’யிலும் வெப்பம் முன்னால்தானே நிற்கிறது என்று கேட்பீர்கள். அந்தச் சொல்லை முழுவதுமாகச் சொன்னாலும் பின்பாதி கராஜில் ஓர் ஆணைபோல் ஒலிக்கிறது. இளகலோ மெழுகிலும் வெல்லத்திலும் சூட்டோடு பிறந்த சொல். இரண்டாவது எதிர்ப்பு வீட்டிலிருந்தே வந்தது. சொல்லைக் கேட்டதும் என் மனைவி, இது மலச்சிக்கலுக்கு வைத்தியர் கொடுக்கும் சூரணமா என்றாள். மலமிளக்கி ஞாபகம் வந்திருக்கிறது. சிரித்துவிட்டுப் போகட்டும், சிரிக்கவைத்த சொல்லை யாரும் மறப்பதில்லை.

இன்னொரு வசதி, இது வினையாகவும் இயங்கும். ‘இறக்கத்தில் பிறேக் சூடேறி இளகிவிட்டது’ என்று ஒரு சாரதி வாக்குமூலத்தில் சொல்லலாம். எழுதுபவர் ‘சூட்டிளக்கம் காரணமாக’ என்று பதியலாம். ‘மங்கல்’ இந்தச் சோதனையில் தேறாது. பெயராக மட்டும் இருந்து வினையாக வாயில் வராத கலைச்சொற்கள் அகராதியிலேயே கிடந்து தூங்குகின்றன. நம் குழுவின் கோப்பிலேயே அப்படி எத்தனையோ கிடக்கின்றன.

அகராதிக் குறிப்புக்கு இப்படி எழுதலாம் என்று நினைக்கிறேன்: ‘சூட்டிளக்கம்: தொடர்ந்து பயன்படுத்துவதால் பிறேக்கின் பாகங்கள் மிகையாகச் சூடேறி, அவை உடையாத நிலையிலும் பிடி குறைதல், ஆறியபின் பெரும்பாலும் மீளும்.’ ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை வெட்டிவிடாதீர்கள். லைனர் வெந்துபோனால் முழுவதும் மீள்வதில்லை. அவசரத்தில் சூடான ட்ரம்மில் தண்ணீரை ஊற்றினால் வார்ப்பிரும்பு வெடித்து, மீளவேண்டிய பிறேக்கும் மீளாது.

எண்ணெய் கொதிப்பதையும் இதற்குள் அடக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அடக்க வேண்டாம் என்பேன். ‘எண்ணெய்க் கொதிப்பு’ என்று தனியே எழுதுவோம். பெடல் சொல்லும் சேதி இரண்டிலும் வேறு: கொதிப்பில் பெடல் பஞ்சாக உள்ளே போகிறது, லைனர் இளகினால் பெடல் கல்லாக நிற்கிறது, வண்டிதான் நிற்பதில்லை. காலுக்குத் தெரியும் வேறுபாட்டைச் சொல்லும் காட்ட வேண்டும்.

சூட்டிளக்கத்தைத் தவிர்க்கும் வழியைப் பற்றி இழையில் வந்த ஒரு குறிப்பைத் திருத்த வேண்டியிருக்கிறது. மெதுவாக, விடாமல் மிதித்துக்கொண்டே இறங்குவது பாதுகாப்பு என்று எழுதப்பட்டிருந்தது. நேர்மாறு. ஏறும்போது எந்தக் கியரோ அந்தக் கியரில் இறங்க வேண்டும். எஞ்சினே வண்டியைப் பிடிக்கட்டும். வேகம் கூடினால் ஒரு தரம் அழுத்தமாக மிதித்து, மணிக்கு எட்டு, பத்துக் கிலோமீற்றர் குறைத்து, முழுவதும் விட்டுவிட வேண்டும். கியரையும் இறக்கம் தொடங்குமுன்பே போட்டுவிட வேண்டும். கியர்களின் வேகத்தைத் தானே இணக்கும் சின்குரோமெஷ் இல்லாத பழைய கியர்ப்பெட்டியில், வேகம் பிடித்த பிறகு நியூட்ரலுக்கு எடுத்தால் டபிள் கிளச் அடித்தும் (கிளச்சை இரு தரம் மிதித்தும்) கீழ்க் கியர் விழாமல் போகலாம். அப்போது எஞ்சினும் இல்லை, பிறேக்கும் இல்லை.

எஞ்சினைக் கொண்டு நிறுத்தும் உத்திக்குப் பின்னாலும் சூட்டிளக்கக் கதைதான் இருக்கிறது. 1931இல் அமெரிக்க எஞ்சின் தயாரிப்பாளர் கிளெசி கம்மின்ஸ் தன் டீசல் எஞ்சின் பூட்டிய லொறியில் கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் இறங்கும்போது பிறேக் பிடியை இழந்தது. கீழே கடவையில் போய்க்கொண்டிருந்த ரயிலில் மோதாமல் மயிரிழையில் தப்பினார். அந்த நினைப்பு அவரை விடவில்லை. அவர் பின்னர் வடிவமைத்த எஞ்சின் பிறேக் 1961இல் ஜேக்கப்ஸ் நிறுவனத்தின் வழியே சந்தைக்கு வந்தது. எங்கள் பழைய லொறிகளில் அது கிடையாது. புகைக்குழாயில் ஒரு தட்டை மூடி எஞ்சினைத் திணறவைக்கும் எக்ஸோஸ்ட் பிறேக் சிலவற்றில் உண்டு. அதற்கும் தமிழ் வேண்டும். ஆனால் அதைத் தனி இழையாக வைப்போம். இங்கே கலந்தால் இரண்டும் முடியாது.

மிச்சமிருப்பது ஈரம். எங்களுக்கு இது மலையைவிட அன்றாடம். மாரியில் கிரான், புலிபாய்ந்தகல் பக்கம் வீதியை வெள்ளம் மூடும்போது தண்ணீரைக் கடந்து வரும் உழவு இயந்திரத்திலும் லொறியிலும் ட்ரம்முக்குள் நீர் புகுந்து, முதல் ஓரிரு மிதிக்குப் பிடியே இருக்காது. ஆங்கிலத்தில் இதையும் அதே ‘ஃபேட்’ என்ற சொல்லோடுதான் சேர்க்கிறார்கள். நாம் சேர்க்கத் தேவையில்லை. சூட்டிளக்கத்துக்கு மருந்து ஆறவிடுவது. இதற்கு மருந்து மெல்ல மிதித்தபடி சற்றுத் தூரம் ஓட்டிச் சூடேற்றி உலர்த்துவது. ஒன்றுக்குச் செய்வதை மற்றதற்குச் செய்தால் ஆபத்து. ‘ஈர வழுக்கல்’ என்று தற்காலிகமாகக் குறித்து வைத்திருக்கிறேன். வீதி வழுக்குவதோடு இது குழம்பும் என்பது எனக்கே உறுத்துகிறது. வயலுக்குள் வண்டி இறக்குபவர்களிடம் இதைவிட நல்ல சொல் இருக்கக்கூடும். மண்டூர், வெல்லாவெளிப் பக்கத்து நண்பர்கள் கேட்டு எழுதினால் அதையும் சேர்த்து வாக்கெடுப்புக்கு விடலாம்.